மூன்றாம் ஓலை

"வாசிச்சது உங்க வாய்தானே?"

"வாசிச்சது நான்தான். எழுதிக் கொடுத்தது அவன்."

"அவன் எழுதிக் கொடுத்துட்டா நீங்க உடனே…"

"ஹனோரியா, நான் சொல்றதைக் கொஞ்சம்…"

"…'விவாகமாகாத ஏனோக் ஹோட்'னு ஊரே கேக்க வாசிச்சிடுவீங்களா? ஒரு ஞாயிறு இல்ல, ரெண்டு ஞாயிறு! அந்த வார்த்தைகிட்ட வந்ததும் ரெண்டு தடவையும் இருமல் வேற!"

"அது நிஜ இருமல்தான்."

"மிஸ்டர் ஹாவெரெல்!"

பாதிரியாரின் மனைவி, எங்கள் எஜமானியம்மா, புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர். முன்னால் 'மிஸ்டர்' வந்துவிட்டால் கோபம் தலைக்கேறிவிட்டது என்று அந்த வீட்டில் பூனைக்குக்கூடத் தெரியும்.

அன்றைக்குத் திங்கட்கிழமை. பாதிரியார் வீட்டில் வெளுப்பு நாள். வெளுப்புக்காரி நான் பின்கட்டில் கொப்பரைக்கு அடியில் விறகைத் தள்ளிக்கொண்டு இருந்தேன். அம்மாவும் பாதிரியாரும் நடையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சமையற்காரி டேமரிஸ் பில்பீம் கூடையை எடுத்துக்கொண்டு நெல்லிச்செடிப் பக்கம் போயிருந்தாள். அவள் போகட்டும் என்று காத்திருந்துதான் அம்மா ஆரம்பித்திருக்க வேண்டும். ஏனென்றால் ஓலை, அதாவது கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்கிற கல்யாண அறிவிப்பு, வாசித்தது அவளுக்குத்தான். தார்ன்ஃபோல்ட் சபையைச் சேர்ந்த விவாகமாகாத ஏனோக் ஹோட், அதே சபையைச் சேர்ந்த விவாகமாகாத டேமரிஸ் பில்பீம். இரண்டு ஞாயிறு முடிந்துவிட்டது. இன்னும் ஒரு ஞாயிறு, ஒரு ஓலை. அதற்கப்புறம் கல்யாணம்.

"ஏனோக்குக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருந்தா. நீங்களே பார்த்திருக்கீங்க. பார்த்தீங்களா இல்லையா?"

"பார்த்தேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால, ஒரே ஒரு நாள். மழையில கிரிக்கெட் ஆட்டம் நின்னப்போ அவங்க வண்டிக்கு அடியில ஒதுங்கினேன். இஞ்சி ரொட்டி கொடுத்தா. 'எங்க வீட்டுக்காரி, ஐயா'ன்னு அவன் சொன்னான். கெசையான்னு பேரு."

"ரொட்டி ருசி ஞாபகம் இருக்கு. மேல சொல்லுங்க."

"மேல ஒண்ணும் தெரியாது. செத்தாளா, இருக்காளா, தெரியாது."

"தெரியலன்னா கேக்கணும்."

"ஹனோரியா, ஓலை வாசிக்கறவன் அம்பயர் மாதிரி. 'தடை யாருக்காவது தெரியுமா'ன்னு சபையைக் கேக்கலாம். தானே தடை சொல்லக் கூடாது. ஃபீல்டுல இருக்கறவன் அவுட் கேக்காம அம்பயர் பேசக் கூடாது. பந்து ஸ்டம்பைத் தெறிக்க வச்சாக்கூட கேக்கணும். அது சட்டம்."

"எந்தச் சட்டம்? மோசே மலையிலேர்ந்து தூக்கிட்டு வந்ததா?"

"கேலி பண்ணாதே."

"போய் அவன்கிட்டயே கேளுங்க."

"எப்படிக் கேக்கறது?"

"வாயால!"

அதற்குள் டேமரிஸ் கூடையோடு வந்துவிட்டாள். பாதிரியார் வானத்தைப் பார்ப்பதுபோல ஜன்னல் பக்கம் போனார். அம்மா, "நெல்லிக்காய் நல்லா வந்திருக்கா?" என்று கேட்டார்.

"பாதியைப் பறவை தின்னுடுச்சும்மா. மீதியை நான் தின்னுட்டேன்" என்று சொல்லிவிட்டு டேமரிஸ் சிரித்தாள். அந்த இரண்டு வாரமும் அவள் எதற்கெடுத்தாலும் சிரித்தாள். நாற்பத்தோரு வயது. பதினாலு வருஷமாக அந்த அடுப்படிதான். புட்டிங் அவிக்கிற துணியைப் பிழியும்போது பாட்டு முனகினாள். அதுவரை அவள் பாடி நான் கேட்டதில்லை.

லயனல் ஹாவெரெல் பாதிரியார் ஆனது ஒரு தெய்வ தரிசனத்தாலோ சொப்பனத்தாலோ இல்லை. தார்ன்ஃபோல்ட் சபைக்குப் பாதிரியார் வைக்கிற உரிமை அவர்கள் குடும்பத்தில் இருந்தது. மூத்தவனுக்கு நிலம், இரண்டாமவனுக்குப் பட்டாளம், மூன்றாமவனுக்குக் கோயில். அவர் மூன்றாமவர். கல்லூரியில் வேதம் படித்தாரோ இல்லையோ, மட்டை பிடித்தார். அப்புறம் ஏழு கோடை கவுண்டிக்கு, அதாவது மாவட்ட அணிக்கு, ஆடினார். கூலி வாங்காமல் ஆடுகிற கனவான்களில் ஒருவர். அவர்களுக்குத் தனி வாசல், தனி மேஜை, பேருக்கு முன்னால் 'மிஸ்டர்'. ஏனோக் மாதிரி கூலிக்கு ஆடுகிறவர்களுக்கு வேறு வாசல், வெறும் குடும்பப் பேர், வேலிப் பக்கத்தில் ரொட்டியும் வெங்காயமும்.

பாதிரியாராகக் கைவைத்து ஆசீர்வதிக்கும்போது பிஷப், "இனிமேல் பெரிய மைதானம் வேண்டாம், ஊர் மைதானத்தோடு நிறுத்திக்கொள்" என்றாராம். நிறுத்திக்கொண்டார். ஆனால் அந்த ஊர் மைதானத்தில் ஒரு சனிக்கிழமை விட்டதில்லை. சனிக்கிழமையில் கல்யாணம் வந்தால் வெள்ளை அங்கிக்குக் கீழே ஆட்டத்துக்குப் போடுகிற ஃபிளானல் கால்சட்டை தெரியும். எங்கள் ஊரில் பாதிப் பேர் கணவன் மனைவி ஆனது அந்தக் கால்சட்டையின் முன்னால்தான். முழங்காலில் ஒட்டிய புல்கறையை நான் எலுமிச்சையும் உப்பும் போட்டுத் தேய்ப்பேன். ஜெபித்துக் கறைபட்டதா, பந்து பிடித்துக் கறைபட்டதா என்று டேமரிஸ் கேட்பாள். பிரசங்கம் சுருக்கம். சவ அடக்கத்தில்கூட ஆட்டத்துக்கு வெளிச்சம் எப்படி என்று தலைநிமிர்ந்து ஒரு பார்வை பார்த்துக்கொள்வார். நல்ல மனுஷர்; அம்மை கண்ட வீட்டுக்குள் மற்றவர்கள் வாசலோடு நின்றபோது உள்ளே போய் உட்கார்ந்தவர். ஆனால் நேராக ஒரு கேள்வி கேட்க அவருக்கு வராது.

ஏனோக் எங்கள் ஊருக்கு வந்து ஆறு வருஷம். ஆட்டுப்பட்டிக்குத் தட்டி முடைகிற வேலை. தோள் கொஞ்சம் சாய்ந்துபோயிருந்தாலும் அவன் போடுகிற பந்தை அடுத்த ஊர்க்காரர்கள் திட்டிக்கொண்டே ஆடுவார்கள். அவனும் பாதிரியாரும் ஆறு கோடை ஒரே பக்கத்தில் ஆடினார்கள். பழைய நாளைப் பற்றி ஒருத்தரிடம் ஒருத்தர் ஒரு வார்த்தை பேசியதில்லை.

வியாழக்கிழமை காற்று தென்மேற்கில் திரும்பியது. வேலிமேல் விரித்திருந்த படுக்கை விரிப்புகளை எடுக்கப் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் கோயில் புல்வெளி. ஆடுகளை ஓட்டிவிட்டு, நடுவில் விக்கெட் போடுகிற துண்டை மட்டும் ஏனோக் அரிவாள் வீசி அறுத்துக்கொண்டிருந்தான். பாதிரியார் குனிந்து குனிந்து களை பிடுங்கினார். ஒரே களையை இரண்டு தடவை பிடுங்குகிற மாதிரி இருந்தது.

"மழை வருமா ஏனோக்?"

"சனிக்கிழமை தாங்கும் ஐயா. வைக்கோலை உள்ள தள்ளிட்டா நல்லது."

"நாளைக்கு ஆள் வரச் சொல்லிருக்கேன்."

"ம்."

அரிவாள் நாலு வீச்சு வீசியது.

"கெசையா எங்க?"

அரிவாள் நின்றது. ஏனோக் இடுப்பிலிருந்து சாணைக் கல்லை எடுத்து அலகை மெதுவாகத் தீட்டினான்.

"இத்தனை வருஷம் கழிச்சுக் கேக்கறீங்க."

"கேட்டுட்டேன்."

"போயிட்டா. ஒரு சேணம் தைக்கிறவன்கூட. கப்பலேறினாங்கன்னு துறைமுகத்துல சொன்னாங்க. ஆஸ்திரேலியா. ஒன்பது வருஷம் ஆச்சு. ஒரு கடிதாசு கிடையாது."

"உயிரோட இருக்காளா?"

"எனக்கு எப்படித் தெரியும்? சில நாள் இருக்கற மாதிரி இருக்கும். சில நாள் இல்லாத மாதிரி இருக்கும்."

"டேமரிஸ்கிட்ட சொன்னியா?"

"அவ கேக்கல."

"எந்தப் பொம்பளையாவது 'உனக்கு வேற பொண்டாட்டி இருக்கா'ன்னு கேப்பாளாய்யா?"

"கேட்டிருந்தா சொல்லிருப்பேன்." கல்லை மறுபடி இடுப்பில் சொருகினான். "நீங்க மட்டும்? உங்களுக்குத் தெரியும். ரெண்டு ஓலை வாசிச்சீங்க. சும்மாதானே இருந்தீங்க?"

பாதிரியார் நிமிர்ந்தார். கையில் மண்ணோடு களை.

"அதுக்குக் காரணம் உண்டு. அந்த ஆட்டம் ஞாபகம் இருக்கா? அதே மழை நாள். நீ எதிர்ப்பக்கத்துக்குப் பந்து போட்டே. நான் அஞ்சு ரன்ல இருந்தேன். பந்து என் மட்டையில பட்டுது. கீப்பர் பிடிச்சார்."

"தெரியும்."

"உனக்குச் சத்தம் கேட்டுதா?"

"வேலியில கட்டியிருந்த கழுதைக்கே கேட்டிருக்கும்."

"நீ அவுட் கேக்கல. யாருமே கேக்கல. நான் நின்னேன். தொண்ணூறு அடிச்சேன். என் பேரைப் பத்திரிகையில போட்டாங்க. அப்பா அதை வெட்டிச் சட்டம் போட்டு மாட்டினார்." குரல் இறங்கிவிட்டது. "நீ எனக்காக விட்டுக்கொடுத்தேன்னு நினைச்சேன், ஏனோக். நீ இந்த ஊருக்கு வந்தப்போ, இவன் என்னைக் காட்டிக்கொடுக்காதவன், இவனை நானும் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு…"

ஏனோக் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் ஆடியது.

"உங்களுக்காகவா? நீங்க யாரு எனக்கு?"

"பின்ன ஏன் கேக்கல?"

"கீப்பர் ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. மத்தியானச் சாப்பாட்டுல ஒயினை ஊத்திட்டு வந்து பாதித் தூக்கத்துல நின்னார். பந்து கையில வந்து விழுந்தது அவருக்கே அதிசயம். அவர் கேக்காதப்போ கூலிக்காரன் நான் கேட்டா என்ன அர்த்தம்? 'துரைக்குக் காது மந்தம்'னு அர்த்தம். அடுத்த வாரம் என்னை எவன் கூப்பிடுவான்?"

பாதிரியார் களையின் வேரில் ஒட்டிய மண்ணை உதிர்த்தார்.

"அன்னைக்குச் சாயங்காலம் பூரா உங்களைத் திட்டினேன் ஐயா. கெசையாதான் சொன்னா, 'விடு, இஞ்சி ரொட்டிக்கு நன்றின்னு சொன்னாரு, நல்ல மனுஷன்தான்'னு."

பாதிரியார் களையைக் கீழே போட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்தார். (செவ்வாய்க்கிழமைதான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.)

"டேமரிஸ்கிட்ட சொல்லிடு."

"சொன்னா போயிடுவா."

"ஞாயிறுக்குள்ள சொல்லு."

"போயிடுவான்னு சொல்றேன், கேக்கலியா? ஒன்பது வருஷமா உப்புக்கறியும் ரொட்டியும், அதையும் நின்னுக்கிட்டே தின்னு பாருங்க, அப்பத் தெரியும். உட்காந்து தின்ன ஒரு காரணம் வேணும் மனுஷனுக்கு."

"நீ சொல்லலன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

"அம்பயர் சொல்லலாமா?" என்றான் ஏனோக். நடையில் நடந்த சண்டை அவன் காதுவரைக்கும் போயிருக்கிறது. நான் சொல்லவில்லை, தோட்டக்காரனாக இருக்கும்.

சனிக்கிழமை மழை தாங்கியது. ஏனோக் ஏழு விக்கெட் எடுத்தான். தேநீர் நேரத்தில் டேமரிஸ் மேஜை போட்டு, விதை போட்ட கேக்கை அறுத்தாள். ஏனோக்குக்கு வெட்டிய துண்டைப் பார்த்து, "அது என்ன துண்டா, செங்கல்லா?" என்று யாரோ கேட்டார்கள்.

"ஏழு விக்கெட்டுக்கு ஏழு வாய்" என்றாள் அவள்.

"அப்ப எனக்கு?" என்றான் ஒன்றுமே எடுக்காத கொல்லன்.

"உனக்கு வாசனை."

ஏனோக் அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அவள் பக்கத்தில் நின்றான். வாயைத் திறந்தான். கேக்கைக் கடித்தான். ஆட்டம் முடிந்து ஸ்டம்பைப் பிடுங்கும்போது பாதிரியார் அவனைப் பார்த்தார். இன்னும் சொல்லவில்லை என்று அவன் தலையை ஆட்டிவிட்டுத் தன் பூட்ஸைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. மூன்றாம் ஓலைக்கு எங்கள் ஊரில் வராதவர்களும் வருவார்கள். காரணம் ஒரு பழக்கம். மூன்றாவது தடவை கேட்டு யாரும் எதிர்க்காவிட்டால், பாதிரியாருக்குத் துணையாக இருக்கிற கோயில்பிள்ளை எழுந்து நின்று, "தேவன் இவர்களை நலமாய் நடத்துவாராக!" என்று உரக்கச் சொல்வார். சபை 'ஆமென்' சொல்லும். அதைச் சொல்லிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. எங்கள் கோயில்பிள்ளை கிழட்டு ஓபதியா. காது சுத்தமாகக் கேட்காது. பாதிரியாரின் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருப்பார். உதடு நின்றால் எழுந்துவிடுவார்.

டேமரிஸ் வேலைக்காரர்கள் வரிசையில் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தொப்பியில் புது ரிப்பன். ஏனோக் ஆண்கள் பக்கத்தில் கடைசியில்.

பாதிரியார் வாசித்தார். "தார்ன்ஃபோல்ட் சபையைச் சேர்ந்த…" நின்றார். இருமவில்லை. "…ஏனோக் ஹோட்" என்றார். நடுவில் 'விவாகமாகாத' என்ற வார்த்தையை விட்டுவிட்டார். எனக்குப் புரிந்தது, அம்மாவுக்குப் புரிந்தது, டேமரிஸ் தொப்பியைச் சரி செய்துகொண்டாள்.

"இவர்கள் விவாகத்தில் இணையக்கூடாதபடி நியாயமான தடை யாருக்காவது தெரிந்தால் சொல்லக்கடவீர்கள். இது மூன்றாவது தடவை கேட்பது."

யாரும் அசையவில்லை. பாதிரியார் புத்தகத்தை மூடினார். தாழ்ந்த குரலில், "எனக்குத் தெரியும்" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஓபதியா எழுந்து, "தேவன் இவர்களை நலமாய் நடத்துவாராக!" என்று கூரை அதிரச் சொன்னார்.

"ஆமென்!" என்றது சபை.

"இல்லை ஓபதியா" என்றார் பாதிரியார்.

"ஆமென்!" என்றார் ஓபதியா.

முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். பாதிரியார் வாசிக்கிற மேஜையை விட்டு இறங்கி வந்தார். நடுப்பாதையில், எல்லோரும் உட்கார்ந்திருக்கிற மட்டத்தில் நின்றார்.

"தடை இருக்கு. இந்தச் சபையில ஒருத்தனா நான் சொல்றேன். காரணத்தை உள்ளே சொல்றேன், சம்பந்தப்பட்டவங்ககிட்ட மட்டும். ரெண்டு வாரம் முன்னாலயே சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. ஓபதியா மட்டும் பக்கத்தில் இருந்தவனிடம், "என்னவாம்? நான் சரியாத்தானே சொன்னேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் அங்கி மாட்டுகிற சின்ன அறையில் ஐந்து பேர். பாதிரியார், அம்மா, ஏனோக், டேமரிஸ், நான். "அவ விழுந்தா பிடிச்சுக்கோ" என்று அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். டேமரிஸ் விழவில்லை. பாதிரியார் கெசையாவைப் பற்றிச் சொல்லச் சொல்ல, தொப்பி நாடாவை அவிழ்த்துத் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"நிஜமா?" என்றாள் ஏனோக்கைப் பார்த்து.

"நிஜம்தான்."

"ஒன்பது வருஷமா?"

"ஒன்பது வருஷம் மூணு மாசம்."

"மாசம்கூட எண்ணி வச்சிருக்கே."

அவன் தலை குனிந்தான்.

"நீங்களும் சும்மா இருந்தீங்களே ஐயா" என்றாள் பாதிரியாரிடம். "என் கையால பதினாலு வருஷம் சாப்பிட்டீங்க."

"ஆமா" என்றார் அவர். "இருந்தேன்."

"தப்புதான், டேமரிஸ்" என்றார் அம்மா. "நான் அன்னைக்கே சொன்னேன்."

"நீங்களும் என்கிட்ட சொல்லலியேம்மா. இவர்கிட்டதானே சொன்னீங்க."

அம்மாவின் முகம் சிவந்தது. பாதிரியார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏழு வருஷத்துக்கு மேல தகவலே இல்லன்னா, மறுபடி கட்டிக்கறவனைச் சட்டம் தண்டிக்காது" என்றார். "ஆனா அவ உயிரோட இருந்தா, இந்தக் கல்யாணம் கல்யாணமே ஆகாது. நான் அங்க இருக்கற பாதிரிமாருக்கு எழுதறேன். கடிதாசு போய்ப் பதில் வர எட்டு மாசம், பத்து மாசம் ஆகும்."

"பதில் வருமா?"

"வரலாம்."

"வராமலும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"எனக்கு அப்ப நாப்பத்திரண்டு." கணக்கை முடித்துவிட்டு ஏனோக் பக்கம் திரும்பினாள். "நீ ஏன்யா சொல்லல?"

"சொன்னா நீ போயிடுவேன்னு பயந்தேன்."

"இப்ப எங்க போறேன், பாரு. அடுப்புல மாட்டுக்கறி கிடக்கு, அங்கதான் போகணும்." எழுந்தாள். எழுந்தவள் போகவில்லை. "அவ எப்படி இருப்பா? உசரமா?"

"உன்னைவிடக் குட்டை."

"சமைப்பாளா?"

"இஞ்சி ரொட்டி நல்லாப் போடுவா. மத்தது சுமார்."

"உன்னை அடிப்பாளா?"

"இல்ல."

"நீ?"

"இல்ல டேமரிஸ். சத்தியமா இல்ல. நான் ஆட்டம் ஆட்டம்னு ஊர் ஊராப் போனேன். அவ வீட்டுல தனியா இருந்தா. அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

வெளியில் வைக்கோல் வண்டி போகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையில் வண்டி ஓட்டுவது யார் என்று வேறு நாளாக இருந்தால் பாதிரியார் எட்டிப் பார்த்திருப்பார். பார்க்கவில்லை. ஏனோக் தொப்பியை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றான். டேமரிஸ் அவனுக்கு நேர் எதிரே வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"சரி, கட்டிக்கிட்டோம்னே வச்சுக்கோ. ஒரு நாள் நாம ரெண்டு பேரும் உட்காந்து சாப்பிட்டுட்டு இருக்கறப்போ அவ வந்து கதவைத் தட்டுறா. எழுந்து போய்த் திறக்கறது யாரு ஏனோக், நீயா, நானா?"